தோடமலைக் கடிதம்

மறைப்பணி வரலாற்றில் வெற்றிக் கடிதங்கள் ஏராளம். இத்தனை பேர் திருமுழுக்குப் பெற்றனர், இத்தனை சிற்றாலயங்கள் எழுந்தன என்று கடல் கடந்து சென்ற மடல்களை நாம் பெருமிதத்தோடு வாசித்து வளர்ந்தோம். தேடிப் போனது கிடைக்கவில்லை என்று எழுதப்பட்ட கடிதங்களோ மிகச் சில. அவற்றுள் ஒன்றை இங்கு ஆராய விழைகிறேன். 1603-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், இத்தாலியரான இயேசு சபைக் குரு ஜாக்கமோ பெனிசியோ, நீலமலைத் தோடர்களைக் கண்டு திரும்பிய பின் கோழிக்கோட்டிலிருந்து தம் சபைத் தலைவருக்கு எழுதியது அது. போர்ச்சுக்கீசிய மொழியில் அமைந்த அம்மடலின் ஆங்கில மொழிபெயர்ப்பு, ரிவர்ஸ் என்னும் அறிஞர் 1906-இல் வெளியிட்ட 'தோடர்கள்' என்ற நூலின் பின்னிணைப்பாக உள்ளது.

கடிதம் பிறந்த சூழலை முதலில் அறிதல் நலம். 1599-இல் உதயம்பேரூர்ச் சங்கம் முடிந்திருந்தது. தூய தோமையாரின் வழிவந்த மலபார்க் கிறிஸ்தவர்களுக்கு இயேசு சபையைச் சேர்ந்த பிரான்சிஸ் ரோஸ் ஆயராகியிருந்தார். 'தோடமலை' என்னும் உயர்ந்த மலையில், தோமையாரின் பழைய கிறிஸ்தவர்களின் வழித்தோன்றல்கள் மறைந்து வாழ்கின்றனர் என்ற பேச்சு அவர் செவிக்கு எட்டியது. முதலில் மலபார்க் குரு ஒருவர் துணையாளரோடு அனுப்பப்பட்டார். அவர் கொண்டுவந்த செய்தியில் ஒரு குறிப்பு உண்டு. கடவுளைப் பற்றிக் கேட்டபோது, அம்மலைமக்கள் ஒரு பறவை, ஒரு தந்தை, ஒரு மகன் ஆகியோரைப் பற்றிப் பேசினார்களாம். எனவே மூவொரு இறைவனைப் பற்றிய ஏதோ ஓர் அறிவு அவர்களிடம் எஞ்சியிருக்கலாம் என்று ஊகிக்கப்பட்டது.

இவ்விடத்தை வாசிக்கும்போது எவருக்கும் புன்னகை அரும்பும். ஆயினும் நகைத்துவிட்டுக் கடந்துபோவது நேர்மையன்று. வேளாங்கண்ணித் திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்த தாய்க்கு, எதிர்ப்படும் பிள்ளை ஒவ்வொன்றும் ஒரு கணம் தன் பிள்ளையாகவே தோன்றும். அது அன்பினால் விளையும் மயக்கம். ஆனால் அவள் அள்ளியெடுப்பது வேறொருத்தியின் பிள்ளையாகவும் இருக்கக் கூடும் அல்லவா? தோடர் சொன்ன பறவை எது, தந்தை யார், மகன் யார் என்பதை எவரும் நின்று கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டவரின் செவியில் ஏற்கெனவே ஒரு விடை ஒலித்துக்கொண்டிருந்தது.

இரண்டாவதாக அனுப்பப்பட்டவரே பெனிசியோ. நீண்ட தாடியும் தோளில் புரளும் கூந்தலும் உடைய தோடர் பூசாரியை அவர் கண்டார். எருமைகளையே வாழ்வாகக் கொண்ட மக்களைக் கண்டார். கழுத்தில் மணி கட்டிய எருமைக்குச் செய்யப்படும் வழிபாட்டைக் கேட்டறிந்தார். உடன்பிறந்தோர் இருவர் ஒருத்தியையே மணந்து வாழும் வழக்கத்தையும் குறித்துக்கொண்டார். பெண்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடிகளும் நூற்கண்டுகளும் பரிசளித்தார். ஆனால் தேடி வந்த கிறிஸ்தவத்தின் சுவடு எதையும் அவர் அங்குக் காணவில்லை. காணாததைக் காணவில்லை என்றே எழுதினார்.

இதுவே இக்கடிதத்தின் பெருமை. அனுப்பியவர்களின் நெஞ்சம் எதை விரும்பியது என்பதை அவர் நன்கு அறிவார். முன்னே சென்றவர் நம்பிக்கை ஊட்டியிருந்தார். தாமும் ஓர் அடையாளத்தைச் சேர்த்திருந்தால் அனைவரும் மகிழ்ந்திருப்பர். மலையேறிச் சென்று மறுத்துரைக்கவும் அக்காலத்தில் எவரும் இல்லை. பொய்ச்சான்று சொல்லாதிருக்கும் கட்டளை, நம் நம்பிக்கைக்குச் சாதகமான பொய்யையும் விலக்குகிறது என்பதை அவர் தம் எழுதுகோலால் மெய்ப்பித்தார்.

எனினும் கடிதத்தின் முடிவு என்னை உறுத்துகிறது. தோடர் ஏறத்தாழ நூறு பேரே. கரடுமுரடான மலைகளில் சிதறி வாழ்கின்றனர். அருகிலேயே அறுவடை மிகுதியாக இருக்க, இத்தொலைவுப் பணியை இப்போது ஏற்பது தக்கதன்று என்பது அவருடைய அறிவுரையின் சாரம். பங்குப் பணியில் இருப்பவன் என்ற முறையில் அக்கணக்கு எனக்குப் புரியாததன்று. ஆள் குறைவு; வழி நெடிது. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அதே நூறு பேர் தோமையாரின் கிறிஸ்தவர்களாக இருந்திருந்தால், மலை இவ்வளவு உயரமாகத் தோன்றியிருக்குமா? அவர்கள் நம்மவர் என்று எண்ணியவரை இரண்டு பயணங்கள் தகுந்தவையாயின. நம்மவர் அல்லர் என்றானதும் அவர்கள் எண்ணிக்கையாயினர். காணாமற்போன ஆட்டின் உவமையை நாம் நம் பட்டியைச் சேர்ந்த ஆட்டுக்கு மட்டுமே உரியதாக வாசித்துவிடுகிறோம். யார் என் அயலார் என்ற திருச்சட்ட அறிஞரின் கேள்வி இங்கே விடையின்றி நிற்கிறது.

மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், ரிவர்ஸ் தோடர் மந்துகளுக்குச் சென்று அவர்களின் பால்மனை மன்றாட்டுகளைக் கேட்டு எழுதினார். புனிதப் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லப்படுகின்றன. பின்பு எருமைகளும் கன்றுகளும் நலமாயிருக்க, நோயும் கொடிய விலங்கும் அணுகாதிருக்க, மழை பொழிய, புல் தழைக்க வேண்டுகின்றனர். இதை வாசித்தபோது, 'நம் மன்றாட்டு மாலை!' என்று ஏட்டின் ஓரத்தில் எழுதிவிட்டேன். சிறிது நேரம் கழித்து அதை நானே அடித்தேன். பறவையைக் கண்டதும் தூய ஆவியார் என்று துள்ளிய அந்த முதல் பயணிக்கும் எனக்கும் என்ன வேறுபாடு? அம்மன்றாட்டு முதலில் அவர்களுடையது. அதை அவர்களுடையதாகவே கேட்டு முடித்த பின்னரே, அதில் இறைவன் விதைத்த விதையைப் பற்றிப் பேச எனக்கு உரிமை பிறக்கும்.

பெனிசியோ மலையிலிருந்து இறங்கிய மூன்றாம் ஆண்டு, 1606-இல், அவருடைய சபையைச் சேர்ந்த ராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்தார். வந்தவர் தங்கினார், தமிழும் வடமொழியும் கற்றார். அவருடைய முறையிலும் குறைகள் உண்டு. ஆயினும் பார்க்க வருவதற்கும் வாழ வருவதற்கும் உள்ள தொலைவை அவர் காட்டினார். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தன் மறைப்பணி ஏட்டில், மக்களோடு வாழ்ந்து, அவர்தம் மரபுகளில் மறைந்துள்ள வார்த்தையின் விதைகளை மகிழ்வோடும் மரியாதையோடும் கண்டறியுமாறு பணித்தது. இது சில நாள் பயணத்தில் முடிகிற செயலன்று.

இன்று தோடர் இரண்டாயிரம் பேர் அளவில் வாழ்கின்றனர். நம் பங்குகளிலிருந்தும் கிறிஸ்து பிறப்புக் காலத்தில் போர்வையும் இனிப்பும் ஏற்றிய வண்டிகள் மலையூர்களுக்குச் செல்கின்றன. கொடுக்கிறோம், பாடுகிறோம், புகைப்படம் எடுத்துக்கொண்டு இருட்டுவதற்குள் இறங்கிவிடுகிறோம். ஈகை நன்றே, அதை நான் குறை சொல்லேன். ஆனால் இறங்கி வந்தபின் நாம் எழுதும் அறிக்கையில், அம்மக்கள் நம்மிடம் கேட்ட கேள்வி ஒன்றேனும் இடம்பெறுகிறதா? பெனிசியோவின் மடலைப் படித்து முடித்தபின், 1603-இல் ஒரு தோடர் தம் மந்துக்கு வந்துபோன விருந்தினரைப் பற்றித் தம் மக்களிடம் என்ன சொல்லியிருப்பார் என்றே மனம் ஏங்குகிறது. அந்த மறுபாதி நமக்குக் கிடைக்கவில்லை. அடுத்த முறை மலையேறுவோர் அதைக் கேட்டு வரட்டும்.