பெயரிடலும் பழித்தலும்: தமிழக அரசியல் சொல்லாட்சி குறித்து ஒரு நோக்கு

அரசியலில் எதிர்த்தரப்பைப் பழிப்பதற்குக் கையாளப்படும் கருவிகளுள் பெயரிடல் முதன்மையானது. வாதத்திற்கு எதிர்வாதம் உண்டு. பெயரை மறுப்பவரோ அப்பெயரையே மீண்டும் சொல்லிப் பரப்ப நேர்கிறது. 1949 முதல் 1954 வரையிலான தமிழக அரசியலில் வழங்கிய மூன்று சொற்களைக் கொண்டு, எவ்வகைப் பழிச்சொல் நிலைபெறுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள், கரந்தது என இரண்டாகப் பகுக்கும். வெளிப்படப் பழிப்பது வசை. மறைத்துப் பழிப்பது பழிகரப்பு. செய்யுளுக்கு உரைத்த இப்பகுப்பு அரசியல் மேடைக்கும் பெரிதும் பொருந்துகிறது.

திராவிட முன்னேற்றக் கழகத்தின் கிளர்ச்சிகளைப் பிரதமர் நேரு ‘நான்சென்ஸ்’ என்றது செம்பொருள் அங்கதம். 1953 ஜூலையில் கழகம் நடத்திய மும்முனைப் போராட்டத்தில் அச்சொல்லுக்கான கண்டனமே ஒரு முனையாயிற்று. டால்மியாபுரத்தின் பெயரைக் கல்லக்குடி என மாற்றக் கோரியது மற்றொரு முனை. நேர்வசை, சொன்னவரைவிடச் சொல்லப்பட்டவருக்கே மிகுதியும் பயன்பட்டது எனலாம்.

‘கண்ணீர்த்துளிகள்’ வேறு வகையினது. 1949இல் திராவிடர் கழகத்திலிருந்து பிரிந்த அண்ணா அப்பிரிவைக் கண்ணீரோடு குறித்தார். பெரியார் அக்கண்ணீரையே பிரிந்து சென்றோருக்குப் பெயராக்கினார். மேலோட்டத்தில் இரக்கம், உள்ளே ஏளனம். எதிராளியின் சொல்லைக் கொண்டே அமைந்த பழிகரப்பாதலால் அதனை மறுப்பது அரிதாயிற்று. ஆயினும் 1967இல் கழகம் ஆட்சிக்கு வந்து, அண்ணா பெரியாரைச் சென்று கண்டபின் அப்பெயரின் தேவையும் தீர்ந்தது. உறவைச் சார்ந்து பிறந்த பெயர் உறவு மாறியதும் மங்கியது.

மூன்றாவது சொல் ‘குலக்கல்வி’. 1953இல் இராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளில் ஒரு மாணவரின் வகுப்பு நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்தது. எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்றது. அதன் அலுவல்முறைப் பெயர் ‘மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம்’ என்னும் பொருளுடையது. எதிர்ப்பாளர்கள் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்றனர். ‘குலம்’ இழிசொல் அன்று, ‘கல்வி’ உயர்சொல். பழி இரண்டனையும் இணைத்த தொகையில் பிறந்தது. இது வசையுமன்று, பழிகரப்புமன்று; வரையறை போல் ஒலிக்கும் தீர்ப்பு. 1954இல் இராஜாஜி பதவி விலகினார். காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். திட்டம் மறைந்தும் பெயர் மறையவில்லை.

அது நிலைத்ததற்குக் காரணம் கடுமையன்று. தொழில் பிறப்போடு பிணைந்திருந்த சமூகத்தில் தந்தையின் தொழிலைப் பழகுதல் என்பது சாதித்தொழிலைப் பழகுதலே என்ற உண்மை அப்பெயருள் இருந்தது. அதே வேளையில், இருவேளை முறையால் கூடுதல் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்ற அரசுத் தரப்பு வாதத்தை அப்பெயர் கண்ணுக்குப் படாமல் செய்துவிட்டது.

இங்கேதான் ஆசிரியரின் பொறுப்பு எழுகிறது. ‘அரசு குலக்கல்வித் திட்டத்தை அறிவித்தது’ என்று எழுதும் மாணவர், தாம் ஒரு தீர்ப்பை வழிமொழிவதை அறியார். அத்தீர்ப்பு சரியானதாகவே இருக்கலாம். யான் அதனைப் பெரிதும் சரியெனவே கருதுகிறேன். எனினும் வழங்கியவர் யார் என்பதை மறந்த தீர்ப்பு, ஆராய்ச்சி முடிபாகாது. அதற்காக அலுவல்முறைப் பெயரை மட்டும் கையாள்வதும் நடுநிலை ஆகாது. ‘மாற்றியமைக்கப்பட்ட’ என்னும் அடை, எது மாற்றப்பட்டது, யாருடைய பிள்ளைகளுக்கு என்பதைக் கரந்துவிடுகிறது. ஆகவே, ‘எதிர்ப்பாளர்கள் குலக்கல்வித் திட்டம் என அழைத்த’ என்று எழுதப் பழக்குவோம். ‘அழைத்த’ என்னும் அவ்வொரு சொல்லில்தான் வரலாறு முழக்கத்திலிருந்து வேறுபடுகிறது.