நச்சுப்பொய்கையும் தருமன் தேர்வும்

ஆபத்து நேர்ந்தவிடத்து யாரை முதலிற் காத்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு அறநூலார் விடை தேடுமுன் ஊரார் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். அத்தீர்ப்பின் இயல்பை ஆராய்தற்கு மகாபாரத வனபருவத்தின் இறுதியில் வரும் நச்சுப்பொய்கை வரலாறு ஏற்றதோர் இடமாகும்.

பொய்கை நீரருந்தித் தம்பியர் நால்வரும் மாண்டு கிடக்கின்றனர். தன் வினாக்களுக்கு விடையிறுத்த தருமனை நோக்கி, ஒருவனை எழுப்பித் தருவேன், யாரை வேண்டுகின்றாய் என்கின்றான் யட்சன். தருமன் நகுலனை வேண்டுகின்றான். யட்சன் வியந்து, நினக்கு இனியவன் பீமனன்றோ, நீவிரெல்லாம் நம்பியிருப்பது அருச்சுனன் தோள்வலியையன்றோ என வினவுகின்றான். ஊர்ப்பேச்சே ஈண்டு யட்சன் வாயிலாக ஒலிக்கின்றது. அன்பு, பயன் என்னும் இரண்டையும் விட்டு வேறோர் அளவுகோலை உலகம் எளிதில் நினைப்பதில்லை. குந்திக்கு யான் ஒருவன் உளேன், மாத்திரிக்கும் ஒரு மகன் இருத்தல் வேண்டும் என்பதே தருமன் கூறிய காரணம்.

இதனை நடுவுநிலைமை என்றுரைத்து அமைவர் பலர். அவ்வுரை எனக்கு நிறைவு தருவதன்று. மாத்திரி, பாண்டுவோடு ஈமத்தீப் புகுந்து இறந்துபட்டவள். வாழ்த்தவோ வையவோ கரையில் நின்றவளல்லள். கேட்பாரற்ற அவள் பங்கைத் தானே முன்வந்து எண்ணினான். தனக்கு மிக வேண்டியவனை இழக்கவும் ஒருப்பட்டான். இவ்விரண்டாலுமே கதை கேட்போர் அவனை ஏற்கின்றனர். எழுப்பப்பட்ட நகுலனைப் பற்றி எவரும் பேசுவதில்லை. பேச்செல்லாம் தேர்ந்தவனைப் பற்றியதே.

கடல் கடந்த நிகழ்ச்சி ஒன்றும் இதற்குச் சான்றாகும். 1912இல் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது பெண்டிரும் குழந்தைகளும் முதலில் என்பது கட்டளை. முதல் வகுப்புப் பெண்டிருள் நூற்றுக்கு 97 பேர் பிழைத்தனர். மூன்றாம் வகுப்புப் பெண்டிருட் பாதிப்பேரும் பிழைத்திலர். ஆயினும் மக்களின் சினம் பெரிதும் திரண்டது, படகேறித் தப்பிய கப்பற் கம்பனித் தலைவர் இசுமே என்பார்மீதுதான். ஆங்கில விசாரணை மன்று அவரைப் பழித்திலது, பத்திரிகைகளோ விட்டபாடில்லை. ஒருவரது இழிவு கண்ணுக்குப் புலனாகின்றது, வகுப்பு வேற்றுமை புலனாவதில்லை என்பது ஊர்த்தீர்ப்பின் பெருங்குறை. மூன்றாம் வகுப்பு மகளிரின் பங்கை எண்ண அங்கே ஒரு தருமன் இருந்திலன்.

மட்டக்களப்பு வாவியோரத்தில் இஃது ஏட்டு வினா அன்று. 1978ஆம் ஆண்டுச் சூறாவளியையும், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையையும், 2011ஆம் ஆண்டு வெள்ளத்தையும் கண்ட மக்கள் நாம். சித்தாண்டியில் வெள்ளமேறினால், முதற்றோணியில் ஏறினவர் யாவர் என்ற பேச்சு நீர் வடிந்த பின்னும் ஓயாது. கடைசித் தோணிக்கும் வந்துசேராத கிழவியைப் பற்றிய பேச்சோ அருமை.

காவியம் ஈற்றில் நால்வரையும் எழுப்பிவிடுகின்றது. அறத்தின் வெற்றி இதுவென்பர். எனக்கு இது கவியின் தளர்ச்சியாகவே தோன்றுகின்றது. இழப்பு நிலைத்திருந்தால் அன்றோ தேர்வின் பாரம் தெரியும்? பாண்டிருப்பிலே நம்மவர் தெய்வமாக வணங்கும் திரௌபதை, பீமனின் சபதத்தை நம்பி வனத்தில் இருந்தவள். பீமனைப் பொய்கைக்கரையிற் கிடத்திவிட்டு நகுலனோடு மீண்டேன் என்று தருமன் அவள்முன் நின்று கூறியிருப்பின், அவள் யாது விடை தந்திருப்பாள்? நால்வரும் எழுந்துவிட்டமையால் அக்காட்சியை எழுதும் கடன் கவிக்கு நேர்ந்திலது.