எண்ணூறு டொலர்க் கதை

வறியவன் வெல்லும் கதையை வெறுப்பார் எவருமிலர். தன்னைப் போன்ற ஒருவன் வென்றான் என்று வறியவன் மகிழ்கிறான். தன் பணப்பையைத் திறக்காமலே உலகில் நீதி நிலைபெற்றுவிட்டது என்று செல்வன் ஆறுதல் கொள்கிறான். இவ்விரு சாராரையும் ஒரே மண்டபத்தில் அமர்த்தி, ஒரே வேளையிற் கைதட்ட வைக்கும் படைப்பை நாம் சற்று ஐயத்தோடுதான் நோக்க வேண்டியிருக்கிறது.

2015 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஸ்பேர் பார்ட்ஸ்’ என்னும் திரைப்படம் அத்தகையது. ‘உதிரிப்பாகங்கள்’ என்று அதன் பெயரைத் தமிழிற் சொல்லலாம். ஷோன் மக்நமாரா இயக்கிய இப்படத்துக்கு மூலம், ஜோஷுவா டேவிஸ் என்னும் பத்திரிகையாளர் 2005 இல் ‘வயர்ட்’ சஞ்சிகையில் எழுதிய ஒரு நெடுங்கட்டுரை. பின்னர் அதை விரித்து 2014 இல் அவர் நூலாகவும் வெளியிட்டார். மாணவருக்கு ஊக்கமூட்டவல்ல படம் என்று ஆசிரியர்கள் இதனைப் பரிந்துரைப்பதுண்டு. ஆதலின் இது நம் கவனத்துக்குரியதாகிறது.

நடந்தது இதுதான். அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகரில், ஏழைத் தொழிலாளர் வாழும் மேற்குப் பகுதியில், கார்ல் ஹெய்டன் என்ற உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. அப்பள்ளி மாணவர் நால்வர், ஆவணமின்றி மெக்சிக்கோவிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள், 2004 இற் கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில் நடைபெற்ற நீரடி ரோபோப் போட்டியிற் கலந்துகொண்டனர். பல்கலைக்கழகங்கள் போட்டியிடும் மேற்பிரிவிலேயே அவர்கள் பெயர் பதிந்தார்கள். பல்கலைக்கழக மாணவரிடம் தோற்றால் அதில் வெட்கமில்லை என்பது அவர்தம் ஆசிரியர் போட்ட கணக்கு! பி.வி.சி. குழாய்களை ஒட்டிச் செய்த அந்த இயந்திரத்துக்கு, ஒட்டுப்பசையின் நாற்றங் காரணமாக ‘நாற்றக்காரன்’ என்றே பெயரிட்டனர். போட்டிக்கு முன் மின்கருவிப் பெட்டியில் ஒழுக்கு ஏற்பட்டபோது, மாதவிடாய்க் காலத்திற் பெண்கள் பயன்படுத்தும் பஞ்சுச் சுருள்களைக் கடையில் வாங்கி உள்ளே வைத்து நீரை உறிஞ்சச் செய்தனர். இறுதியில், உலகப் புகழ்பெற்ற மசாசுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் அணி இரண்டாவதாக வர, இவர்கள் முதலிடம் பெற்றனர். அந்த அணியின் செலவு பத்தாயிரம் டொலருக்கு மேற்பட்டது. அதன் இயந்திரத்தில் எக்ஸன்மோபில் எண்ணெய்க் கம்பனியின் சின்னம் பொறிக்கப்பட்டிருந்தது. நம் நால்வரின் இயந்திரத்துக்கு ஆன செலவோ ஏறத்தாழ எண்ணூறு டொலர்.

எண்ணூறு எதிர் பத்தாயிரம்! படத்தின் உயிர்நாடி இந்த எண்களே. இவற்றைக் கேட்டவுடன் நம் நெஞ்சும் நிமிர்கிறது என்பதை மறைப்பானேன்? அந்த நால்வரின் அறிவும் துணிவும் போற்றத்தக்கவை என்பதில் எமக்குச் சிறிதும் ஐயமில்லை. எமது வழக்கு அந்தக் கணக்கைப் பற்றியது.

எண்ணூறு டொலர் என்பது குழாய்க்கும் மோட்டாருக்கும் கம்பிக்கும் கொடுத்த விலை. அந்தக் குழாயை வெட்டக் கற்பித்தவரின் உழைப்புக்கு விலை எங்கே எழுதப்பட்டது? அப்பள்ளியில் பிரெடி லஜ்வார்டி, அலன் கமரன் என்ற இரு ஆசிரியர்கள் இருந்தார்கள். 2004 இன் முன்னரே அவர்கள் ஒரு ரோபோக் கழகத்தை உருவாக்கி, வேறு போட்டிகளுக்கும் மாணவரை அழைத்துச் சென்றிருந்தனர். பாடசாலை விட்ட பின்னரான மாலைகளும் விடுமுறை நாட்களும் அதிலே கழிந்தன. நீரில் இயந்திரத்தைச் சோதித்துப் பார்க்க, சுழியோடிகளுக்குப் பயிற்சியளிக்கும் நிறுவனமொன்று தன் தடாகத்தைக் கொடுத்தது. வெப்பத்தை அளக்கும் கருவி பற்றி ஒரு நிறுவனத்தின் பொறியியலாளர் தொலைபேசியில் விளக்கஞ் சொன்னார். இவை யாவும் எண்ணூறு டொலருக்குள் அடங்கா. கூலியின்றித் தரப்பட்ட உழைப்பு கணக்கேட்டிற் பூச்சியமாகவே பதிவாகிறது. அப்பூச்சியத்தைத்தான் படம் ‘திறமை’ என்று மொழிபெயர்க்கிறது.

இந்த இடத்திலேதான் படத்தின் கலைக்குறையும் கருத்துக்குறையும் ஒன்றாகின்றன. இரு ஆசிரியரையும் இணைத்து ஒருவராக்கி, ஒருவரின் முதற்பெயரையும் மற்றவரின் குடும்பப் பெயரையும் சேர்த்து, பிரெடி கமரன் என்ற பாத்திரத்தைப் படைத்துள்ளனர். ஜோர்ஜ் லோபெஸ் அதனை ஏற்று நடிக்கிறார். இப்பாத்திரம் வேலை தேடி வந்து, தற்காலிகமாகப் பாடசாலையில் ஒதுங்கும் ஒரு பொறியியலாளர். அவருக்கு மகளை இழந்த சோகம் உண்டு. உடன் கற்பிக்கும் ஆசிரியையோடு அரும்பும் நேசமும் உண்டு. தற்காலிகமாக வந்தவர் ஒரே தவணையில் மனம் மாறி அற்புதம் நிகழ்த்துகிறார். ஒரே பாடசாலையில் ஆண்டாண்டாக நிலைத்து நின்று, பழைய இயந்திரங்களின் உறுப்புகளைக் கழற்றிப் பெட்டியிற் சேர்த்து வைக்கும் ஆசிரியனிடத்தில் நாடகத்தன்மை இல்லையென்று திரைக்கதையாளர் கருதினர் போலும். ஆசிரியத் தொழிலில் உள்ள வாசகர் இதனை எப்படி ஏற்பரோ நாம் அறியோம். யதார்த்தத்திலிருந்து பாத்திரத்தைப் படைப்பது வேறு. யதார்த்தம் கூலி கேட்குமென்று அஞ்சி அதற்குச் சோக வரலாறு பூட்டி அனுப்புவது வேறு.

இனி, இத்தகைய போட்டிகளின் பொதுவான செலவை நோக்குவோம். அமெரிக்காவின் மாணவர் ரோபோப் போட்டிகளிற் பெரும்புகழ் பெற்றவை, டீன் கேமன் 1989 இல் தொடக்கிய ‘ஃபேர்ஸ்ட்’ அமைப்பு நடத்துபவை. அதன் உயர்நிலைப் பள்ளிப் போட்டி 1992 இல் ஆரம்பமாயிற்று. அண்மைக் காலத்தில் அதற்கு ஓரணியின் பதிவுக் கட்டணம் மட்டுமே ஐயாயிரம், ஆறாயிரம் டொலராக இருந்து வருகிறது. அதற்குப் பதிலாக ஒரு தொகுதி உறுப்புகளும் போட்டியிடும் உரிமையும் கிடைக்கும். மேலதிக மோட்டார், உலோகம், கருவிகள், பயணம், தங்குமிடம் என்பன தனி. இறுதிச் சுற்றுக்குத் தெரிவானால் மறுபடியும் பல ஆயிரம் டொலர் கட்டவேண்டும். ஆகவே வென்ற ஏழைப் பாடசாலை, வென்ற குற்றத்துக்காக மீண்டும் உண்டியல் குலுக்கப் புறப்படுகிறது!

விதிகளும் இந்த ஏற்றத்தாழ்வை அறியாதவையல்ல. ஓர் உறுப்பு இவ்வளவு விலைக்கு மேற்படலாகாது என்று வரையறை செய்கின்றன. ஆனால் அணியைச் சேர்ந்தவர்களின் உழைப்பு செலவுக் கணக்கிற் சேராது. அணியோடு இணைந்த ஆதரவுக் கம்பனியின் ஊழியரும் அணியைச் சேர்ந்தவர்களே. எனவே பெருந்தொழிற்சாலை ஒன்றின் கடைசலில் நுட்பமாகக் கடையப்பட்ட உறுப்பும், பாடசாலைக் கொட்டிலில் அரத்தாற் பையன் ராவிய உறுப்பும் காகிதத்திலே ஏறத்தாழ ஒரே விலை பெறுகின்றன. இன்னுமொன்று: 2019 வரை, ஏறத்தாழ ஆறு வாரத்தில் இயந்திரத்தை முடித்துப் பையிலிட்டு முத்திரை வைக்கவேண்டும் என்ற விதி இருந்தது. யாவருக்கும் ஒரே கால அளவு என்பது அதன் நோக்கம். வசதி படைத்த அணிகள் அச்சொட்டாக அதே போன்ற இரண்டாவது இயந்திரத்தைச் செய்து, முதலாவது பைக்குள் உறங்கும்போது இதிற் பயிற்சி பெற்றன. சமத்துவத்துக்காக எழுதிய விதியே செலவை இரட்டித்தது. 2020 போட்டிப் பருவத்திலிருந்து அவ்விதி நீக்கப்பட்டது. பணம் படைத்தோர் எவ்விதிக்கும் வாயில் காண்பர் என்பது நாம் அறிந்ததே. இங்கு அது ஒரு பிளாஸ்டிக் பைக்குள்ளே நிகழ்ந்தது.

டொலரால் அளக்க முடியாத கட்டணமும் ஒன்றுண்டு. 2002 இல் அதே பீனிக்ஸ் நகரின் வேறொரு பாடசாலையைச் சேர்ந்த மாணவர் சூரிய சக்திப் படகுப் போட்டிக்காக நியூயோர்க் மாநிலம் சென்றனர். சென்றவிடத்து நயாகரா நீர்வீழ்ச்சியைக் காண விரும்பினார்கள். அங்கே எல்லை அதிகாரிகள் நால்வரைத் தடுத்து வைத்து, நாடு கடத்தும் வழக்கையும் தொடுத்தனர். 2005 இலேதான் நீதிபதி அவ்வழக்கைத் தள்ளினார். அவ்வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேதான் கார்ல் ஹெய்டன் நால்வரும் சாந்தா பார்பராவுக்குப் புறப்பட்டனர் என்பதை வாசகர் மனத்திருத்த வேண்டும். போட்டிக்குப் போதலே அவர்களுக்குப் பணயம். மற்ற அணிகள் தோற்றால் கேடயத்தை இழப்பார்கள். இவர்கள் வழியில் ஒரு சோதனைச் சாவடியிலேயே தம் வாழ்வை இழந்திருக்கலாம்.

வெற்றி விழாவோடு படத்தின் கதை நிறைவெய்துகிறது. வாழ்க்கை அங்கே நிற்கவில்லை. 2006 இல் அரிசோனா வாக்காளர் 300 ஆம் இலக்கப் பிரேரணையை நிறைவேற்றினர். ஆவணமற்ற மாணவர், மாநிலவாசிகளுக்குரிய குறைந்த கட்டணத்திற் பல்கலைக்கழகம் பயில்வதை அது தடுத்தது. அவர்களுக்கான கட்டணம் பன்மடங்காயிற்று. 1945 முதல் இலவசக் கல்வியின் நிழலில் வளர்ந்த நமக்கு இதன் கொடுமை உடனே விளங்காதிருக்கலாம். நால்வரில் ஒருவர் கட்டணம் செலுத்த இயலாது பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கினார். மற்றொருவர் புலமைப்பரிசில்களின் துணையால் 2009 இற் பொறியியற் பட்டம் பெற்றார். தம் குடியுரிமை நிலையைச் சீராக்கும் பொருட்டு அவர் தாமாகவே மெக்சிக்கோ சென்றபோது, பத்தாண்டுகள் திரும்பலாகாது என்று தடை விதிக்கப்பட்டது. மேற்சபை உறுப்பினர் ஒருவரின் தலையீட்டால் 2010 இல் விசா பெற்று மீண்டார். பின் அமெரிக்கப் படையிற் சேர்ந்து ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பப்பட்டார். வேறிருவர் சமையல், துப்புரவு ஆகிய தொழில்களில் உழைத்தனர். எத்தொழிலும் இழிவன்று. எனினும் மசாசுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தை வென்ற மூளைகளைப் பயன்படுத்த அந்த நாட்டுக்கு வேறு வழி தெரியவில்லை.

டேவிஸின் கட்டுரையை வாசித்த பலர் பணம் அனுப்பினர். அதனால் ஒரு புலமைப்பரிசில் நிதி அமைந்தது. நல்லுள்ளம் படைத்த அவ்வாசகரை நாம் குறைகூறோம். ஆனால் கட்டுரை எழுதப்படாத மாணவருக்கு எந்த வாசகர் அனுப்புவார்?

இதே கதையைப் பொருளாகக் கொண்டு மேரி மாசியோ 2014 இல் உருவாக்கிய ‘அண்டர்வாட்டர் ட்ரீம்ஸ்’ என்ற விவரணப் படம் இவ்வகையிற் பலபடி மேலானது. அதில் நால்வரும் தனிவீரர்களாக நின்றுவிடவில்லை. அக்கழகத்திற் பின்னர் பயின்றவர்களும், குடியேறியோர் உரிமைக்காகத் தெருவில் இறங்கிய இளைஞரும் வருகின்றனர். மாணவருக்கு ஒன்றைத்தான் காட்ட நேரமுண்டு என்றால், ஆசிரியர்கள் இதைக் காட்டட்டும். ‘ஸ்பேர் பார்ட்ஸ்’ படத்தையே காட்டுவதாயின், டேவிஸின் நூலில் வெற்றிக்குப் பின்வரும் பகுதிகளையும் மாணவரோடு சேர்ந்து வாசித்தல் நன்று.

300 ஆம் பிரேரணை விதித்த கட்டணத் தடை 2022 நவம்பர் வரை நிலைத்தது. அந்த மாதத்தில் 308 ஆம் பிரேரணை, நெடுநாட் பிரசாரத்தின் பின்னர், சொற்ப வித்தியாசத்தில் நிறைவேறி அதனை மாற்றிற்று. அப்போது நால்வரும் முப்பத்தைந்து வயதை அண்மித்திருந்தனர்.