ஒன்பது படங்களும் ஒரு சராசரியும்

கல்லூரி மாணவிகள் எடையை நினைத்துப் புழுங்குகிறார்கள், மாணவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்ற பேச்சுக்குச் சான்றாக நிற்பது ஏப்ரல் ஃபாலனும் பால் ரோசினும் 1985இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு. 248 மாணவர்கள், 227 மாணவிகள். மெலிந்ததில் தொடங்கிப் பருத்ததில் முடியும் ஒன்பது கோட்டுருவங்களைக் காட்டி, இப்போது நீங்கள் எது, எதுவாக இருக்க ஆசை, எதிர்பாலினத்தவருக்கு எது பிடிக்கும் என்று கேட்டார்கள். ஆண்களின் மூன்று விடைகளும் சராசரியில் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்தன. பெண்களுடையவை விழவில்லை.

ஆண்களைப் பற்றிய முடிவுதான் இடிக்கிறது. இரண்டு படம் பருக்க நினைக்கும் ஒல்லிப் பையனையும், இரண்டு படம் இளைக்க நினைக்கும் பருமனான பையனையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் பூஜ்யம் வரும். அந்தப் பூஜ்யத்துக்குத்தான் மனநிறைவு என்று பெயர் சூட்டிவிட்டார்கள். 1987இல் ட்ரெவ்னாவ்ஸ்கியும் யீயும் முதலாண்டு மாணவ மாணவிகளைத் திசைவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஆண்களில் 40 சதவீதம் பேருக்கு இளைக்க ஆசை, 45 சதவீதம் பேருக்கு எடை கூட ஆசை. பெண்களில் 85 சதவீதம் பேர் இளைக்கவே விரும்பினார்கள். படங்களிலும் குறை உண்டு: கொழுப்பு வேறு, தசை வேறு என்று அவை காட்டுவதில்லை. ஜிம்முக்குப் போய்த் தோளை அகலமாக்க நினைப்பவன் எந்தப் படத்தைத் தொடுவான்?

1985 ஆய்வில் பெண்களைப் பற்றிய பகுதி உறுதியாகவே நிற்கிறது. ஆண்களுக்குப் பிடிக்கும் என்று மாணவிகள் கருதிய உருவம், பெண்களில் தமக்குப் பிடித்தது என்று ஆண்கள் தாமே தேர்ந்ததைவிட மெலிந்தது. மாணவிகள் தமக்கென ஆசைப்பட்டதோ அதைவிடவும் மெலிந்தது. இந்த இரண்டாம் இடைவெளிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆண்களின் கண்ணுக்காகத்தான் பட்டினி கிடக்கிறார்கள் என்ற வழக்கமான விளக்கம் இதற்குப் போதாது.

இந்த இடைவெளி தன்மதிப்புக் குறைவைக் காட்டுகிறது என்ற பேச்சோ 1985 ஆய்வின் தலையில் பின்னர் ஏற்றப்பட்ட சுமை. மோரிஸ் ரோசன்பர்க் 1965இல் தந்த தன்மதிப்பு அளவுகோலின் பத்து வாக்கியங்களில் ஒன்றுகூட உடலைப் பற்றியது அல்ல. இரு படங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை வைத்து ஒருத்தி தன்னை எப்படி மதிக்கிறாள் என்று சொல்லிவிட முடியாது. 85 சதவீதம் பேருக்குப் பொதுவான ஓர் ஆசை, தன்மதிப்பு குறைந்தவளைப் பிரித்தறியவும் அதிகம் உதவாது.

ஆகவே பெண்கள் பற்றிய முடிவை இன்றும் எடுத்தாளலாம். ஆண்கள் பற்றியதை எடுத்தாள்பவர், 1987ஆம் ஆண்டுக் கணக்கையும் பக்கத்திலேயே தர வேண்டும்.