பிரதி எடுத்த கை

அச்சேறியது மட்டுமே இலக்கியம் என்று நம் இலக்கியச் சரித்திரங்கள் முடிவு கட்டிவிட்டன. ஆசிரியன் பெயர், பதிப்பாசிரியன் பெயர், ஆண்டு இந்த மூன்றும் கிடைத்துவிட்டால் பண்டிதர் திருப்தியடைந்துவிடுவார். பள்ளிக்கூடப் பையன் எழுதிய சுவடியும், உபதேசியார் எழுதிய தினக்குறிப்பும் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. அவை வெறும் தகவல், சரித்திரக்காரன் பொறுக்கிக்கொள்ளட்டும் என்று விமர்சகன் ஒதுங்கிக்கொள்கிறான். இதை நான் அடக்கம் என்று எண்ணவில்லை. ரசனையின் வறட்சி என்றே எண்ணுகிறேன்.

பழைய திருச்சி ஜில்லாவின் வடகிழக்குப் பகுதியை எடுத்துக்கொள்வோம். இன்று அது பெரம்பலூர், அரியலூர் என்று இரண்டு மாவட்டங்கள். 1855இல் பிறந்த உ.வே. சாமிநாதையர் தமிழ் கற்கத் தொடங்கியது இந்த வட்டாரத்தில். அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடி கஸ்தூரி ஐயங்கார், செங்கணம் விருத்தாசல ரெட்டியார். ஒருவரிடம் நன்னூல், இன்னொருவரிடம் காரிகை. வாத்தியார் இருக்கும் ஊரைத் தேடிக் குடும்பமே நகர்ந்தது. அச்சுப் புத்தகம் அரிதாயிருந்த அந்நாளில் பாடம் கேட்பது என்றால் பிரதி எடுப்பதும் மனனம் செய்வதும்தான். 1887இல் சீவகசிந்தாமணிக்குப் பாடபேதம் பார்த்த கண் இந்தத் திண்ணைகளில் பழகிய கண் என்பதை நாம் போதிய அளவு யோசித்ததில்லை.

ஆனால் ‘என் சரித்திரம்’ அந்த மாணவனின் ஏடு அல்ல. 1940இல் ஆனந்த விகடனில் அதைத் தொடங்கியபோது ஐயருக்கு வயது 85 ஆகப் போகிறது. 1871இல் மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேரப்போகிறோம் என்பது எழுதுகிறவருக்குத் தெரியும். ஆகவே அரியலூரும் குன்னமும் செங்கணமும் அங்கே படிக்கட்டுகளாகிவிடுகின்றன. மாணவன் ஏட்டுக்கு அந்த வசதி இல்லை. இன்றைய பாடத்துக்கு அப்பால் அதற்கு எதுவும் தெரியாது. சுயசரிதைக்கும் குறிப்பேட்டுக்கும் உள்ள வித்தியாசம் நடையில் இல்லை, காலத்தில் இருக்கிறது. முடிவு தெரியாமல் எழுதப்பட்ட வாக்கியத்தை எப்படிப் படிப்பது என்று நம் விமர்சனம் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

திண்ணைப்பள்ளிச் சுவடிகளில் பெரும்பாலானவை கவிதை அல்ல, கணக்கு. எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம். இவற்றை வைத்து செந்தில் பாபு 2022இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். இலக்கியக்காரர்கள் அதைக் கணித சரித்திரம் என்று தள்ளிவைத்தால் நஷ்டம் அவர்களுக்கே. மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. இப்படி இறங்கிக்கொண்டே போகும் வாய்பாட்டை உரக்கச் சொல்லி வளர்ந்த செவிதான் வெண்பாவையும் கேட்டது. சென்னையில் இருந்த ஆண்ட்ரூ பெல், மணலில் விரலால் எழுதும் நம் பிள்ளைகளைப் பார்த்து, அந்த முறையை 1797இல் லண்டனில் புத்தகமாக்கினார். மணலும் சட்டாம்பிள்ளையும் கப்பலேறிவிட்டன. செவி இங்கேயே தங்கிவிட்டது.

இனி ஏலாக்குறிச்சி. அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள இவ்வூரைத்தான் வீரமாமுனிவர் திருக்காவலூர் ஆக்கினார். அவருடைய வேதியர் ஒழுக்கம் உபதேசியார்களுக்காக எழுதப்பட்டது. பரமார்த்த குருவின் கதை அவர் இறந்து 75 ஆண்டுகள் கழித்து, 1822இல், பாபிங்டன் முயற்சியால் லண்டனில் அச்சாயிற்று. இடைப்பட்ட காலத்தில் அந்த உரைநடையைச் சுமந்தவர் யார்? பெயரில்லாத எழுத்தர்கள். உரைநடையின் தந்தை யார் என்று பாடப்புத்தகங்கள் மார்தட்டுகின்றன. பிரதி எடுத்த கையைப் பற்றி ஒரு வாக்கியம் கிடையாது.

எதிர்த்தரப்பில் இன்னும் வேடிக்கை. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனின் தமிழ் ஊழியர்கள் தினக்குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. 1733இல் குருப்பட்டம் பெற்ற ஆரோன், படைவீரராயிருந்து உபதேசியாரான ராஜநாயக்கன் போன்றோரின் குறிப்புகள் ஜெர்மனியில் ஹாலே நகரத்து அறிக்கைகளில் மொழிபெயர்ந்து வெளியாயின. எந்த ஊருக்கு நடந்தார்கள், யாரோடு வாதாடினார்கள் என்பதை அறிய ஒரு தமிழன் இன்று ஜெர்மன் படிக்க வேண்டியிருக்கிறது.

இவையெல்லாம் கலையா என்று கேட்பார்கள். கூறியது கூறல், சம்பிரதாயமான பக்தி, மேலே இருப்பவர் மெச்சவேண்டும் என்ற கவலை எல்லாம் இவற்றில் உண்டு. மாணவன் வாத்தியார் பார்ப்பார் என்று எழுதினான், உபதேசியார் பாதிரியார் பார்ப்பார் என்று எழுதினார். ஆகவே ‘அந்தரங்க சுத்தி’ என்ற நம் அளவுகோல் இங்கே செல்லாது. ஒரு கண் மேலே இருக்கும்போது எழுதும் கை எப்படி வளைகிறது, எங்கே வளைய மறுக்கிறது என்பதே இங்கு பார்க்கவேண்டியது. நவீனத் தமிழ் எழுத்துக்கும் இது அந்நியமான விஷயம் அல்ல.

மேலே யாரும் இல்லாதபோதும் அந்தக் கண் இருக்கிறது என்பதற்கு மறைமலையடிகள் சாட்சி. நாகப்பட்டினத்தில் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்தவர், சைவர், 1916இல் தனித்தமிழை இயக்கமாக்கியவர். 1898 முதல் அவர் எழுதிவந்த நாட்குறிப்போ ஆங்கிலத்தில் இருக்கிறது. இதை முரண்பாடு என்று சொல்லிச் சிரிப்பது சுலபம். நான் சிரிக்கமாட்டேன். எந்த மொழியில் தனியாக இருப்பது என்பதைக்கூட காலனியப் பள்ளியின் நோட்டுப் புத்தகம் தீர்மானித்தது. மேடைத்தமிழைத் தூய்மை செய்தவரின் தனிமைக்கு வேறு மொழி தேவைப்பட்டது என்பது அவரைப் பற்றிய செய்தி மட்டுமல்ல. ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் கவிதை எழுதும் நம்மைப் பற்றியும்தான்.

இப்படிப்பட்ட ஏடுகளைப் பதிப்பிக்கிறவர்களிடம் எனக்கு ஒரே கோரிக்கை. எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள். ழகரமும் ளகரமும் மாறிக் கிடக்கும் இடத்தில்தான் அந்த வாய் பேசுகிறது. திருத்திய பிரதியில் மிஞ்சுவது பதிப்பாசிரியரின் இலக்கணம். அது நம்மிடம் ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருக்கிறது.