மூலமும் படியும்

ஏட்டைப் பெயர்த்து எழுதுவோன் மூலத்திற்குக் கட்டுப்பட்டவன். பிழையெனத் தனக்குத் தோன்றியதையெல்லாம் அவன் திருத்திச் செல்வானாயின், அவன் கையிலிருந்து வருவது படி அன்று, வேறொரு நூலாகும். தமிழாசிரியர் நன்கறிந்த இவ்வுண்மை இன்று இசைக்கருவித் துறைக்கும் வேண்டியதாகிவிட்டது. சிந்தசைசர் எனப்படும் பழைய மின்னிசைப் பொறிகளைக் கணினிக்குள் மென்பொருளாக மறுபடியும் ஆக்கித் தருவோர் பலர். அவர்களுடைய படிகளை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்பதே இங்கு ஆராயத்தக்கது.

1980களில் தோன்றிய கலப்பினப் பொறிகள் இவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் ஏற்றவை. அவற்றின் ஒலி இரு நிலைகளில் பிறக்கிறது. முதல் நிலை மின்னிலக்கம்: ஒலியலையின் வடிவம் எண்களாக நினைவகத்தில் இருக்கும், பொறி அவ்வெண்களை விரைந்து படிக்கும். இரண்டாம் நிலை அனலாக்: அவ்வெண்கள் மின்னோட்டமாக மாறி, வடிகட்டிச் சில்லின் வழியே சென்று, கூர்மை தணிந்து வெளிவரும். அக்காலத்தில் வடிகட்டும் வேலையையும் கணக்கினாலேயே செய்வது பெருஞ்செலவாக இருந்தமையால் இக்கலப்பு நேர்ந்தது. சிக்கனத்திற்காகச் செய்த ஏற்பாடே ஒரு தனிக்குரலைத் தந்தது என்பது வியப்புக்குரியது.

அக்குரலின் இயல்பு யாது? நினைவகம் சிறிதாதலால் அலைவடிவங்கள் 8 பிட் நுட்பத்திலேயே பதிந்திருந்தன. தாழ்ந்த சுரங்களில் ஒரு சொரசொரப்பும், உயர்ந்த சுரங்களில் அலையில் இல்லாத நிழலொலிகளும் கேட்டன. கணக்கின்படி இவை குறைகளே. ஆயினும் வடிகட்டி அக்குறைகளின் முனையை மழுக்கும்போது, தூய எண்ணும் தூய மின்னும் தனித்தனியே தர இயலாத ஒரு நிறம் ஒலிக்கு ஏறியது. ஆகவே, கலப்பினப் பொறியின் உயிர் இரு நிலைகளும் சந்திக்கும் பொருத்துவாயில்தான் இருக்கிறது. படியின் தகுதியைச் சோதிக்க வேண்டிய இடமும் அதுவே.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வுல்ப்காங் பாம் ஆக்கிய பி.பி.ஜி. வேவ் 2.2 (1982) இவ்வகைக்கு முன்னோடி எனலாம். ஓர் அலைக்குப் பதிலாக 64 அலைகளை வரிசையாக அடுக்கி, ஒலிக்கும்போதே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவது அதன் புதுமை. அத்தாவல் சறுக்குமரம் போன்றதன்று, படிக்கட்டு போன்றது. அந்நிறுவனம் 1987இல் மூடப்பட்டபின் அதன் மரபைத் தொடர்ந்த வால்டோர்ப் நிறுவனம் 2000இல் ஒரு மென்பொருட் படியையும், 2011இல் மற்றொன்றையும் வெளியிட்டது. ஒரே மூலத்திற்கு ஒரே நிறுவனமே இருமுறை படியெடுத்தது கருதத்தக்கது. மூலம் ஒருமுறை பிறந்து நிற்பது. படியோ கணினியின் ஆற்றல் வளரும்தோறும் திருந்துவது. இவற்றை ஒப்பிட விரும்புவோர் ஒரு தாழ்ந்த சுரத்தைப் பிடித்துக்கொண்டு அலைவரிசையை மெல்ல நகர்த்திக் கேட்க வேண்டும். படிக்கட்டின் ஓசை கேட்குமாயின் படி உண்மையானது; வழுவழுப்பாக ஓடுமாயின் திருத்தப்பட்டது.

அமெரிக்காவின் என்சோனிக் நிறுவனம் 1986இல் ஈ.எஸ்.கியூ.-1 என்னும் பொறியையும், அதனை அடுத்து எஸ்.கியூ.-80 என்பதனையும் விற்றது. முன்னதில் 32 அலைவடிவங்கள், பின்னதில் 75. இரண்டிலும் 8 குரல்கள். குரலுக்கு 3 அலைப்பிறப்பிகள். அலைகளைப் படிக்கும் சில்லை வகுத்தவர் பாப் யான்னஸ். அதே சில்லு ஆப்பிள் 2 ஜி.எஸ். கணினியிலும் அமைந்திருந்தது. ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனி அனலாக் வடிகட்டி உண்டு.

எஸ்.கியூ.-80க்கு இரு படிகள் பெயர்பெற்றவை. ஒன்று எஸ்.கியூ.8எல் என்னும் இலவச மென்பொருள். தனியொருவர் முயற்சியில் விளைந்த இது, சோதனைப் பதிப்பு என்னும் நிலையைக் கடக்கவேயில்லை. எனினும், பழைய பொறியின் ஒலியமைப்புக் கோப்புகளையே படித்து ஒலிக்கவல்லது. மற்றொன்று பிரான்சின் ஆர்ட்டூரியா நிறுவனம் 2021இல் வெளியிட்டது. முன்னது மூலத்தின் சுருக்கத்தை மதிக்கிறது. பின்னது எதிரொலி முதலிய மேற்பூச்சுகளைச் சேர்த்து, மூலத்தின் சிறு திரைக்குள் பக்கம் பக்கமாக மறைந்திருந்தவற்றை எளிதில் கண்ணுக்குப் புலப்படச் செய்கிறது.

இவற்றுள் சிறந்தது எது? சேர்க்கை குற்றமாகாது. மூலபாடத்தையும் உரையையும் ஒரே நூலில் அச்சிடுகிறோம். மூலம் இது, உரை இது என்று பிரித்தறிய முடிந்தால் எவரும் குறை கூறார். மேற்பூச்சுகளை நீக்கிவிட்டு மூலக்குரலைத் தனியே கேட்க இயலும் வரையில் ஆர்ட்டூரியாவின் படி நல்ல உரைநூலாகும். ஆனால், பல புதிய பயனர் அப்பூச்சோடு கேட்பதையே எஸ்.கியூ.-80 என்று கொள்வர். அங்கேதான் பாடபேதம் புகுகிறது. எஸ்.கியூ.8எல் அத்தகைய மயக்கம் தருவதன்று. ஆயின் அதற்கு வேறோர் இடர் உண்டு. அது 32 பிட் விண்டோஸ் முறைக்கென எழுதப்பட்டது. இன்றைய இசைமென்பொருள்களுள் பல அதனை ஏற்பதில்லை. படிக்கே படியெடுக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

இவ்வொப்பீடு வெறும் சுவை வேறுபாடு பற்றியதன்று. மூலப்பொறிகள் மூப்படைகின்றன. பழுதாகும் வடிகட்டிச் சில்லுக்கு மாற்று எளிதில் கிடைப்பதில்லை. அவை ஓயும் நாளில், அவற்றின் ஒலி யாதென்று சொல்லப் படிகளே எஞ்சும். வழுவழுப்பாக்கிய படியே எஞ்சுமானால், பின்வரும் செவிகள் இல்லாத ஒன்றையே மூலமென்று நம்பும்.

புதுமை வேண்டுவோர்க்கும் வழி உண்டு. பி.பி.ஜி. ஆக்கிய பாமே பிற்காலத்தில் தம் பழம்பொறியை அப்படியே மறுபடைப்புச் செய்வதோடு நில்லாமல், ஐபேடுக்கென வேவ்ஜெனரேட்டர் என்னும் புதுக்கருவியைப் புதுப்பெயரிலேயே வெளியிட்டார். புதியது செய்வோர் புதுப்பெயர் இடுக. பழம்பெயர் இடுவோர் பழங்குறையையும் காக்க. படியெடுப்போர்க்கு உரிய அறம் இதுவே.