முந்நூறாவது மீட்டரில் நில்லுங்கள்

மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் கல்லூரி மீட் எது நடந்தாலும் கூட்டம் முடிவுக் கோட்டுக்கு எதிரேதான் சேரும். யார் முதலில் வந்தார்கள் என்று தெரிந்துகொள்ள அதுதான் இடம். ஆனால் பெண்களுக்கான 400 மீட்டர் ஓட்டத்தை மட்டுமாவது அங்கிருந்து பார்க்காதீர்கள். அப்படியே நடந்து, இரண்டாவது வளைவு முடிந்து கடைசி நேர்ப்பாதை தொடங்குவதற்குச் சற்று முன்னால் உள்ள இடத்துக்குப் போங்கள். ஓடுகிறவர்கள் முந்நூறு மீட்டரைக் கடக்கிற இடம் அது. கழுத்தில் விசிலும் கையில் ஸ்டாப்வாட்சுமாக இரண்டு மூன்று பேர் அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பார்கள். அவர்கள்தான் கோச்சுகள். இந்தக் கட்டுரை அவர்களுடைய வேலையை ரசிப்பது பற்றியது.

வீராங்கனையின் திறமை எல்லோர் கண்ணுக்கும் தெரியும். கோச்சின் திறமை அப்படித் தெரியாது. அதைப் பார்க்கக் கண்ணைக் கொஞ்சம் பழக்க வேண்டும். பழகிவிட்டால் ஓட்டத்தைப் பார்க்கிற விதமே மாறிவிடும். அதற்கு 400 மீட்டரைவிடப் பொருத்தமான பந்தயம் இல்லை என்பது என் எண்ணம்.

காரணம் உடம்பில் இருக்கிறது. முழு வேகத்தை 400 மீட்டர் தூரத்துக்கும் இழுத்துக்கொண்டு போக யாராலும் முடியாது. முந்நூறைத் தாண்டும்போது தசைகள் இறுகத் தொடங்கும். எல்லோருமே வேகம் குறைவார்கள், முதலாவதாக வருகிறவர் உட்பட. கடைசி ஐம்பது மீட்டரில் பின்னாலிருந்து ஒரு பெண் பாய்ந்து வந்து இரண்டு பேரை முந்துவதுபோல் தெரிகிறதே, அது கண்ணின் மயக்கம். அவள் வேகம் கூடவில்லை. மற்ற இருவரும் அதிகமாகத் தளர்ந்தார்கள், அவள் குறைவாகத் தளர்ந்தாள். அந்தக் ‘குறைவாக’ என்பதில்தான் கோச்சின் உழைப்பு முழுக்க அடங்கியிருக்கிறது.

முந்நூறாவது மீட்டரில் நின்று எதைப் பார்ப்பது? முதலில் தோள்களை. களைப்பு ஏறினால் தோள் காதை நோக்கி உயரும், கழுத்து நரம்பு புடைக்கும், தாடை இறுகும். நேராக முன்னும் பின்னும் போய்வந்த கைகள் மார்புக்குக் குறுக்கே வெட்டத் தொடங்கும். முழங்கால் தாழும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு காலடியைக் கேளுங்கள். களைத்த கால் தடத்தில் தட்டென்று விழும். இவ்வளவு வலியிலும் ஒரு பெண்ணின் தோள் இறங்கியே இருக்கிறது, கை நேராகவே வீசுகிறது என்றால், அது பிறவியில் வந்ததில்லை. ‘தோளை விடும்மா, கையை இறக்கு’ என்று யாரோ ஒருவர் பல நூறு காலைகளில் சொல்லிச் சொல்லிப் பழக்கியது.

அடுத்து எட்டாவது லேனைப் பாருங்கள். வளைவின் தூர வித்தியாசத்தைச் சரிக்கட்ட, எட்டாவது லேன்காரர் முதல் லேன்காரரைவிட ஏறக்குறைய 53 மீட்டர் முன்னால் நின்று புறப்படுகிறார். துரத்துவதற்கு அவர் கண்ணெதிரே யாருமே இல்லை. தன் வேகத்தைத் தன் உடம்புக்குள்ளேயே அளந்துகொண்டு ஓட வேண்டும். 53.5 விநாடியில் முடிக்க நினைக்கும் பெண் முதல் 200 மீட்டரை 25.5இல் ஓடிவிட்டால் அடுத்த பாதிக்கு 28 விநாடி மிச்சம். முதல் பாதியை 24.5இல் பறந்துவிட்டால் கணக்குக்கு 29 கிடைக்கும், ஆனால் கால் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. கடைசி எண்பது மீட்டரில் நிலைகுலைந்து போகும். எட்டாவது லேனில் தனியாக ஓடும் பெண் சரியான வேகத்தில் ஓடினால் அவளுடைய கோச்சை மனதுக்குள் பாராட்டுங்கள்.

இந்த இடத்தில் ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குச் சொந்தமான ஒரு கதையைச் சொல்லியாக வேண்டும். மதுரைக்குக் கிழக்கே உள்ள சக்கிமங்கலத்துப் பெண் ரேவதி வீரமணி. சிறு வயதிலேயே தாயும் தந்தையும் இல்லாமல் போக, அவரையும் தங்கையையும் வளர்த்தவர் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பாட்டி ஆரம்மாள். பள்ளிப் படிப்பின் முடிவில் ஒரு போட்டியில் வெறுங்காலோடு ஓடிய ரேவதியைக் கவனித்தவர் க. கண்ணன், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர். ஓட்டப் பயிற்சிக்கு அனுப்பப் பாட்டி முதலில் சம்மதிக்கவில்லை. பெண் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பாமல் ஓடவிடுவதா என்று உறவிலும் பேச்சு இருந்தது. கண்ணன் பாட்டியிடம் பேசிச் சம்மதம் வாங்கினார். மதுரை லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்க வழிசெய்தார். ஷூவும் சாப்பாடும் பார்த்துக்கொண்டார். 2019 வரை ரேவதி அவரிடம்தான் பயிற்சி பெற்றார். 2021 ஜூலை 4 அன்று பாட்டியாலாவில் நடந்த தேர்வு ஓட்டத்தில் 53.55 விநாடியில் முதலாவதாக வந்து டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஓடும் 4×400 கலப்புத் தொடர் ஓட்ட அணியில் சேர்ந்தார்.

இந்தக் கதையைப் பத்திரிகைகள் வறுமையை வென்ற கதையாக எழுதின. அது உண்மைதான், ஆனால் அதில் கோச்சின் பங்கு ‘உதவி செய்தார்’ என்ற இரண்டு வார்த்தைக்குள் சுருங்கிவிட்டது. எனக்கு அது போதாது. ஒரு பெண்ணை ஓடவைக்கிற வேலை நம் ஊரில் மைதானத்தில் தொடங்குவதில்லை. வீட்டு வாசலில் தொடங்குகிறது. ஒருவருடைய கூலியில் மூன்று வயிறு நிறைய வேண்டிய வீட்டில், வேலைக்குப் போகக்கூடிய வயதுப் பிள்ளையை ஆண்டுக்கணக்கில் ஓட அனுப்பச் சொல்வது சின்ன விஷயமில்லை. கேட்கிறவர் வார்த்தையை நம்பி ஒரு குடும்பம் தன் கணக்கையே மாற்றி எழுதுகிறது. பாட்டியின் சம்மதம் இல்லாமல் 53.55 இல்லை. ஆரம்மாள் சரியென்று சொன்னதும் ஒரு கோச்சின் சாதனைதான். அதைவிட அதிகமாக ஆரம்மாளின் சாதனை.

அதற்கப்புறம் விடுதி. 1948இல் கேட்டி வில்காக்ஸ் தொடங்கிய லேடி டோக் கல்லூரி தல்லாகுளத்தில் இருக்கிறது. கிராமத்திலிருந்து பஸ் பிடித்து விடிகாலைப் பயிற்சிக்கு வந்து, கல்லூரிக்குப் போய், மாலையில் மறுபடி மைதானத்துக்கு வந்து, இரவில் ஊர் திரும்புகிற பெண் எத்தனை மாதம் தாங்குவாள்? ஓட்டக்காரிக்குத் தூக்கமும் பயிற்சியில் ஒரு பகுதி. ஆகவே விடுதியில் ஒரு இடம் வாங்கித் தருவது தர்மச் செயல் மட்டுமில்லை, பயிற்சித் திட்டத்தின் உள்ளே வருகிற காரியம். இதைப் புரிந்துகொண்ட கோச்சும், புரிந்துகொண்டு இடம் தருகிற கல்லூரியும் சேரும்போதுதான் பெண்கள் அணி ஒன்று எழுந்து நிற்கிறது.

பயிற்சியையே நேரில் ரசிக்க விரும்பினால் விடிந்தும் விடியாத நேரத்தில் மைதானத்துக்குப் போய், ஓடுகிறவர்களுக்குத் தொந்தரவில்லாமல் ஓரமாக உட்காருங்கள். அங்கே ஓட்டத்தைவிட ஓய்வைக் கவனிக்க வேண்டும். ஒரு பெண் 300 மீட்டர் ஓடி முடிக்கிறாள்; குனிந்து முட்டியில் கைவைத்து நிற்கிறாள். அடுத்த முறை எப்போது ஓட வேண்டும் என்று கோச் சொல்கிற அந்த இடைவெளிதான் பயிற்சியின் உயிர். இரண்டு நிமிடம் என்றால் ஒரு விதமான உடம்பு உருவாகும். எட்டு நிமிடம் என்றால் வேறு விதமான உடம்பு. நல்ல கோச் கடிகாரத்தை மட்டும் பார்க்கமாட்டார். மூச்சைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார். ‘இன்னைக்குப் போதும்மா, போய் ஜாகிங் பண்ணிட்டுப் படு’ என்று திட்டத்தில் இருக்கிற கடைசி ஓட்டத்தை வெட்டிவிடுவார். விரட்டி ஓடவைப்பதைவிட நிறுத்தச் சொல்வது கடினம். காயமில்லாமல் நாலைந்து வருடம் தொடர்ந்து ஓடுகிற பெண்களைப் பார்த்தால், அவர்களுக்குப் பின்னால் நிறுத்தத் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்று நம்பலாம்.

கோச்சுகளை எடைபோட நான் கையாளும் இன்னொரு அளவுகோல், அவர்கள் எதை விட்டுக்கொடுக்கிறார்கள் என்பது. மதுரையில் பயின்ற காலத்தில் ரேவதியின் பந்தயங்கள் 100, 200 மீட்டர். 2019இல் தேசிய முகாமுக்குப் போனபோது, அங்கே 400 மீட்டருக்குப் பயிற்சி தந்துகொண்டிருந்த கலினா புகாரினா, 400 ஓடிப் பார்க்கச் சொன்னார். கண்ணன் சம்மதித்தார். ஒரு வரியில் முடிந்துவிடுகிற செய்திதான். ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள்: வெறுங்காலில் ஓடிய பெண்ணை ஆண்டுக்கணக்கில் செதுக்கியவர், இனி வேறொருவர் கையில், வேறொரு பந்தயத்துக்கு, அவள் மாறட்டும் என்கிறார். என் பிள்ளை, என் திட்டம் என்று பிடித்துவைத்துக்கொண்ட பயிற்சியாளர்களும் உண்டு. அந்தப் பிடிவாதத்தில் தேய்ந்துபோன ஓட்டக்காரிகளும் உண்டு.

பந்தயம் மாற்றுவது இந்தியப் பெண்கள் தடகளத்தில் புதியதல்ல. ஓ. எம். நம்பியாரிடம் வளர்ந்த பி. டி. உஷா 1982 டெல்லி ஆசியப் போட்டியில் 100, 200 மீட்டர் இரண்டிலும் வெள்ளி வாங்கியவர். நம்பியார் அவரை 400 மீட்டர் தடை ஓட்டத்துக்குத் திருப்பினார். 1984 லாஸ் ஏஞ்சலஸில் 55.42 விநாடி, நான்காவது இடம். வெண்கலம் போனது விநாடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில். மறு ஆண்டு துரோணாச்சார்யா விருது தொடங்கப்பட்டபோது முதல் தொகுதியிலேயே நம்பியாரின் பெயர் இருந்தது. ஒரு வேகக்காரியின் கால்களுக்குள் 400 மீட்டர் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது கோச்சுக்கே உரிய பார்வை. ஓடுகிறவருக்கே அது தெரிந்திருக்காது.

இனித் தொடர் ஓட்டம். 4×400இல் பேட்டன் மாற்றும் இடத்தைப் பாருங்கள்; மாற்றும் பகுதி 20 மீட்டர்தான். 4×100 ஓட்டத்தில் வாங்குகிறவர் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டுவார். இங்கே அப்படிச் செய்ய முடியாது. ஓடி வருகிறவர் ஏறக்குறைய உயிர்போகிற நிலையில் வருகிறார். எந்த வேகத்தில் வருவார் என்று அவருக்கே நிச்சயமில்லை. ஆகவே வாங்குகிறவர் திரும்பிப் பார்த்து, வருகிறவரின் களைப்பை அளந்து, அதற்கேற்பத் தன் புறப்பாட்டை வைத்துக்கொள்ள வேண்டும். அணியாகப் பழகியவர்களா, நேற்றுக் கூட்டிச் சேர்த்தவர்களா என்பது அந்தச் சில எட்டுகளில் தெரிந்துவிடும். முன்னதாகப் புறப்பட்டுவிட்டு நின்று கை நீட்டுவதையும், பேட்டன் வந்து மோதிய பிறகு கிளம்புவதையும் கல்லூரிப் போட்டிகளில் நிறையப் பார்க்கலாம். பேட்டன் சீராகக் கைமாறினால் பலமாகவே கைதட்டுங்கள்.

டோக்கியோ ஓட்டத்தின் காணொளி கிடைத்தால் மறுபடி பாருங்கள். கலப்புத் தொடர் ஓட்டம் ஒலிம்பிக்கில் அப்போதுதான் அறிமுகம். ஆண், பெண் வரிசையை அணிகளே தீர்மானித்துக்கொள்ளலாம் என்ற விதி அன்று இருந்தது. இந்தியா முகமது அனஸ், ரேவதி, திருச்சி சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் என்று ஓடியது. 3 நிமிடம் 19.93 விநாடி, இரண்டாவது ஹீட்டில் எட்டாவது, அதாவது கடைசி. தங்கம் வென்ற போலந்து இறுதிப் போட்டியில் ஓடியது 3:09.87. பத்து விநாடி என்றால் மலைப்பாக இருக்கும். நாலு பேருக்குப் பிரித்தால் தலைக்கு இரண்டரை விநாடி. உலகத்தின் உச்சிக்கும் நமக்கும் நடுவே ஒரு ஆளுக்கு இருக்கிற தூரம் அதுதான். அந்த இரண்டரை விநாடியைத்தான் விடிகாலை மைதானங்களில் கோச்சுகள் கால் கால் விநாடியாகக் கழிக்கப் பார்க்கிறார்கள். கடைசியாக வந்ததை வைத்து அந்த நால்வரையும் மறந்தவர்கள், சுபா 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் பெண்கள் 4×400இலும் கலப்பு 4×400இலும் வெள்ளி வென்ற அணிகளில் ஓடினார் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். டோக்கியோவுக்குப் போன கலப்பு அணியின் பெண்கள் மூவருமே தமிழ்நாட்டுக்காரர்கள். மூன்றாமவர் திருச்சி தனலட்சுமி சேகர்.

மதுரையில் இதெல்லாம் பார்க்கச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. லேடி டோக், பாத்திமா, மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி என்று பெண்கள் கல்லூரிகளுக்கு இங்கே குறைவில்லை. மண்டலப் போட்டி, பல்கலைக்கழகப் போட்டி என்று ஏதாவது வரும்போது மைதானத்தில் கேட்டால் நாள் சொல்வார்கள். குடையும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலுக்குப் பத்து மணிக்கே சிந்தடிக் டிராக் தகிக்கும். இறுதிப் போட்டிக்கு மட்டும் போகாமல் ஹீட் ஓட்டங்களுக்கே போய்விடுங்கள். இரண்டு ஓட்டமும் ஒரே நாளில் என்றால், ஹீட்டில் எவ்வளவு சக்தி செலவழிப்பது, எங்கே வேகத்தைத் தளர்த்துவது என்பதைக் கோச் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருப்பார். கடைசி முப்பது மீட்டரில் இரு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தகுதி உறுதி என்று தெரிந்ததும் தோளைத் தளர்த்தி மிதந்து வருகிற பெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மாலையில் முந்நூறாவது மீட்டரில் நீங்கள் பார்க்க வேண்டியது அவளைத்தான்.